ஒழுகாத பால்கனி

மழை பெய்தும் பால்கனி ஒழுகவில்லை என்றால் நல்லதுதானே என்று யாரும் சொல்வார்கள். அன்று காலையில் அது மண்டையில் உறைத்ததும் நான் போட்ட வேலையைப் போட்டபடி எழுந்துவிட்டேன்.

முந்தின நாள் மதியம் பிடித்த ஐப்பசி மழை ராத்திரியெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, விடிந்த பிறகுதான் தூறலாக இளைத்திருந்தது. பெரம்பலூரில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் பழனிவேல் பஸ் கண்டக்டர், இருட்டோடு டியூட்டிக்குப் போய்விட்டார். நான் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, இருக்கிற வெளிச்சத்தில் யாரோ ஒருத்தி பிளவுஸுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். நூல் அறுந்து மிஷின் நின்ற நேரத்தில்தான் கவனித்தேன். வழக்கமாக மழை ஓய்ந்தால் எங்கள் பால்கனி அரை நாளாவது சொட்டிக்கொண்டே இருக்கும். கறுப்புத் தண்ணீர் கீழே விழும், கீழ்வீட்டு சிந்தாமணி அக்கா அண்ணாந்து பார்த்துத் திட்டுவார். இன்று சொட்டும் இல்லை, திட்டும் இல்லை.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். சிந்தாமணி அக்கா வீட்டுக்கு உடையவர், கீழே இருக்கிறார். சுவரிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் பால்கனிதான் அவருடைய போர்ட்டிகோவுக்குக் கூரை. தாங்கத் தூண் கிடையாது. நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கக் கட்டிய இடம். அதில் என் வீட்டுக்காரர் ஒரு தோப்பே வைத்திருந்தார். நீல பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து வரிசை கட்டி, கொய்யா, மாதுளை, சப்போட்டா, அத்தி, ஒட்டு மா, எலுமிச்சை. துணி காயப்போட நான் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போக வேண்டும். இலை ஒன்று கிழிந்தாலும் மனுஷனுக்கு முகம் தொங்கிவிடும்.

நர்சரிக்காரர் தென்னை நார்த்தூளும் எருவும் கலந்து லேசாக மண் வைக்கத்தான் சொன்னார். இவர் கேட்டால்தானே. வேப்பந்தட்டைப் பக்கம் இவருக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது. "பருத்தி வெளைஞ்ச மண்ணு எங்க மண்ணு. அத வுட்டுட்டு நார்க்குப்பையில மரம் வைக்கணுமா?" என்று சரக்கு ஆட்டோவில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். கரிசல் தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. ஊதும், கனக்கும்.

நான் திருமானூர்க்காரி. எங்கள் பக்கம் கொள்ளிடத்துப் பாசனம். மழை வலுத்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வரப்பை வெட்டிவிடுவோம், தண்ணீர் தேங்கினால் பயிர் அழுகிப் போகும். இவர் ஊரில் மழை பெய்தால் அதே மண்வெட்டியோடு ஓடி வரப்பை அடைப்பார்கள். வானம் பார்த்த பூமி, வந்ததில் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எங்களுக்குள் தீராத சண்டை இது ஒன்றுதான். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி டிரம் ஒவ்வொன்றிலும் அடியோரமாக ஓட்டை போட்டவள் நான். அவை சொட்டும்போதெல்லாம், "எருவு சத்தெல்லாம் போவுது பாரு," என்று புழுங்கியவர் அவர்.

கதவைத் திறந்து பார்த்தேன். எல்லா டிரம்மிலும் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. கொய்யா இலையிலிருந்து வடிகிறதுகூட டிரம்முக்குள்தான் விழுந்தது. வாசல்படியில் குந்தி, கைக்கு எட்டிய எலுமிச்சை டிரம்மின் அடியைத் தடவினேன். ஓட்டை இருந்த இடத்தில் துணியைத் திருகிச் செருகி, மேலே களிமண்ணை அப்பியிருந்தது. அடுத்ததைத் தடவினேன். அதுவும் அப்படியே. துணி நான் தைத்து மிஞ்சிய வெட்டுத்துணி.

வந்த ஆத்திரத்தில் எலுமிச்சை டிரம்மின் அடைப்பைப் பிடுங்கினேன். கறுப்புத் தண்ணீர் கிளம்பித் தரையில் ஓடியது. மூலையில் தண்ணீர் போகக் குழாய் இருக்கிறது, அங்கேதான் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. வாசல்படியை ஒட்டி விரித்திருந்த சாக்குக்கு அடியில் போனது, மறுபக்கம் வரவில்லை.

அந்தச் சாக்கை இவர் போன வாரம்தான் விரித்தார். "கால் மண்ணு உள்ள வருதுல்ல," என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு சுத்தம் பத்தம் வந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போய் டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். இப்போது அதைத் தூக்கினேன். சுவரும் பால்கனித் தரையும் சேருகிற இடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெள்ளை சிமெண்ட் பூசியிருந்தது. பூச்சு நடுவில் பிளந்திருந்தது. தண்ணீர் அந்தப் பிளவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து உள்ளே விட்டேன். காது வரை போனது. எதிலும் தட்டவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து கிறீச், கிறீச் என்று சத்தம் கேட்டது.

அது தூளிச் சத்தம். அக்காவின் மகள் பூவிழி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை. கரண்ட் இல்லை என்றால் குழந்தைக்கு வியர்க்கும் என்று தூளியைப் போர்ட்டிகோவில் கட்டிவிடுவார்கள். பால்கனிக்கு அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதில். என் காலுக்கு நேர் கீழே.

காலைச் சட்டென்று வீட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். இவருக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார். பஸ் இரைச்சல், அரியலூர் ரோட்டுப் பள்ளமெல்லாம் காதில் கேட்டது.

"ஏங்க, டிரம்மு ஓட்டையெல்லாம் நீங்களா அடைச்சீங்க?"

"ஆமா. புள்ளத் துணியில கறுப்புத் தண்ணி வுழுவுதுன்னு அக்கா சத்தம் போட்டுச்சுல்ல. அடைச்சுட்டேன். இப்ப அதுக்கும் சந்தோசம், மரத்துக்கும் சந்தோசம்."

"சாக்குக்கு அடியில என்ன?"

அந்தப் பக்கம் யாரோ சில்லறை கேட்டார்கள்.

"அது போன வாரமே இருந்துச்சு செல்வி. பூசிட்டேன். ஒண்ணும் ஆவாது."

"ஊசி முழுசா உள்ள போவுதுங்க."

"ஊருகிட்ட வந்துட்டோம், இந்த ட்ரிப்ப முடிச்சுட்டு வந்து பாக்குறேன். நீ பாட்டுக்குக் கீழ போயி வாயக் குடுத்துடாத. எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லிரும். எலுமிச்சை இப்பத்தான் மொதப் பழம் புடிச்சிருக்கு." போன் கட்டாகிவிட்டது.

அந்த ஒற்றைப் பழம் எனக்கும் தெரியும். தினம் டியூட்டிக்குக் கிளம்புமுன் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கீழே போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. என்னால் முடியுமா என்பதுதான் கேள்வி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று கீழே அத்தனை கூட்டம், எனக்கு மட்டும் சாப்பாடு மாடிக்கே வந்துவிட்டது. "எதுக்கு நீ எறங்கி ஏறிக்கிட்டு," என்றார் அக்கா. எதற்கென்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. அதற்குப் பிறகு நான் இறங்கிப் போகும்போதெல்லாம் தூளியின் மேல் ஒரு துண்டு விழும். நானும் கேட்டையே பார்த்துக்கொண்டு போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். தெருக் கண்ணு, உறவுக் கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்து, "புள்ளையில்லாதவ கண்ணு" என்கிற இடத்தில் மட்டும் குரல் ஏறும். மாடிக்குக் கேட்கட்டும் என்றுதான் ஏறும். நான் மிஷினை வேகமாக மிதிப்பேன்.

அந்த வாயிடம் போய், இந்த வாயால், உங்கள் பேத்தி மேல் பால்கனி விழப்போகிறது என்று எப்படிச் சொல்வது? சாபம் விட்டேன் என்பார்கள். விழாமல் போனால் அதை ஆயுசுக்கும் சொல்வார்கள். விழுந்தாலோ, நான் சொன்னதால்தான் விழுந்தது என்பார்கள்.

கிறீச் என்றது மறுபடியும். இறங்கிவிட்டேன்.

அக்கா போர்ட்டிகோவில் பலகை போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூவிழி காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள், ஒரு கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து துண்டைத் தூளி மேல் போட்டார்.

"சாரல் அடிக்குதேக்கா. தூளிய உள்ள கட்டிக்கலாம்ல?" என்றேன்.

"உள்ள காத்தாடி ஓடல, புள்ள நனஞ்சு போவுது வேர்வையில. உனக்கு என்ன அதுல?"

நான் அண்ணாந்து பார்த்தேன். கொக்கியைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்கு ஈரம் கறுத்திருந்தது. கொக்கி நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தூளிச் சேலையில் இறங்கியது. நான் திறந்துவிட்ட தண்ணீர்தான் அது. இனிமேல் சுற்றி வளைத்துப் பேச எனக்கு நேரம் இல்லை.

"அக்கா, மேல பால்கனி விரிசல் வுட்டிருக்கு. டிரம்மு அத்தனையும் தண்ணி குடிச்சு நிக்குது. புள்ளயத் தூக்கிடுங்க. நீங்களும் வெளிய வந்துடுங்க."

"என்ன சொன்ன?"

"வுழுந்துரும்க்கா."

"யாரு மேல வுழுந்துரும்?" அக்கா கையிலிருந்த கீரைக் குச்சியை வீசி எறிந்தார். "பச்சப்புள்ள படுத்திருக்கிற எடத்துல வந்து நின்னு பேசுற பேச்சா இது? அதுவும் நீ?"

அதுவும் நீ. அந்த இரண்டு வார்த்தையில் என் உடம்பு எரிந்தது. இதை எதிர்பார்த்துத்தான் வந்தேன், ஆனாலும் எரிந்தது. வேறு நாளாயிருந்தால் திரும்பி மாடியேறிக் கதவைச் சாத்தியிருப்பேன். பூவிழி, "அம்மா, செத்த சும்மா இரு," என்றாள், ஆனால் எழுந்திருக்கவில்லை, ஆபரேஷன் தையல் அவளை எழ விடவில்லை. அக்கா தூளிக்கும் எனக்கும் குறுக்கே வந்து நின்றார்.

நான் அவரைத் தள்ளிவிட்டேன். தள்ளினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஒதுக்கினேன் என்றெல்லாம் சொன்னால் பொய். துண்டை எடுத்து எறிந்து, சேலைக்குள் கைவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன். எதிர்வீட்டு ஜெயப்பிரகாஷ் ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு அடியில் போய்த்தான் நின்றேன்.

"புள்ளயத் தூக்கிட்டுப் போறா, பாருங்களேன்," என்று அலறிக்கொண்டே அக்கா பின்னால் வந்தார். அவர் வந்ததே எனக்குப் போதும். பூவிழியும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். ஜெயப்பிரகாஷ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அக்கம்பக்கத்தில் எல்லா வாசலிலும் ஆள் முளைத்தது.

"குடுடி புள்ளய," என்றார் அக்கா.

"அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போவ மாட்டேன்னு சொல்லுங்க. குடுக்குறேன்."

"எம் பேத்திய என் வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவ உங்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

பூவிழி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குழந்தையை வாங்கவும் இல்லை, அம்மாவோடு சேர்ந்து திட்டவும் இல்லை. குழந்தையின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் பால்கனியையே பார்த்தாள். இவ்வளவு கூத்துக்கும் குழந்தை விழிக்கவில்லை. முதல் முறையாக அதன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பெரிய மை, கன்னத்தில் ஒரு மை. அத்தனையும் என் கண்ணுக்குப் பயந்து வைத்தது. பார்க்கக்கூடாது என்று கண்ணை எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் பால்கனியைப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் விரிசலும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மழையில் குளித்த கொய்யாவும் மாதுளையும் பளபளவென்று தலையாட்டின. "நல்லாத்தானே இருக்கு," என்றார் ஜெயப்பிரகாஷ். யாரோ ஒரு பெண், "பாவம், அதுக்கும் ஏக்கம் இருக்குமுல்ல," என்று அடுத்தவள் காதில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

அந்த நிமிஷத்தில் என் மனசு நினைத்ததை மறைக்க மாட்டேன். விழுந்து தொலையேன் என்று நினைத்தேன். யார் மேலேயும் படாமல், இப்போதே, எல்லோர் கண் முன்னாலும் விழு. இல்லாவிட்டால் இந்தத் தெருவில் நான் பைத்தியக்காரி, பிள்ளை திருடி. அப்படி நினைத்ததற்கே பயமாயிருந்தது. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா அது?

தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்தது. இவர்தான். டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக வந்தவர், கூட்டத்தைக் கண்டதும் நடை தளர்ந்தார். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"வாங்க தம்பி," என்றார் அக்கா. "உங்க பொண்டாட்டி பண்ணியிருக்கிற வேலையப் பாருங்க. பால்கனி வுழுந்துருமாம், எம் பேத்தி மேல வுழுந்துருமாம். நெசமா? நீங்களே சொல்லுங்க."

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மாடியைப் பார்த்தார். எலுமிச்சை கதவோரம் இருக்கிறது, தெருவிலிருந்து தெரியாது. இருந்தாலும் அங்கேதான் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மரமெல்லாம் பிழைக்கும், வீடும் மிஞ்சும், எனக்கு மட்டும் மண்டைக் கோளாறு என்று முடிந்துவிடும். இந்த மனுஷன் என்னைக் கைவிட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"நெசந்தான்க்கா," என்றார். "போன வாரமே பாத்தேன். மேல பூசி, சாக்கப் போட்டு மூடிட்டேன். ஓட்டைய அடைச்சதும் நான்தான். அவளுக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என் வூட்டுக்காரரு பக்கத்துல நின்னு கட்டுன வூடு இது. ஒரு கோடு வுழுந்தா இடிஞ்சுருமா?" என்று சொல்லிக்கொண்டே, யாரும் தடுக்குமுன் விடுவிடுவென்று போர்ட்டிகோவுக்குள் போனார். தூளிச் சேலையை உருவ இழுத்தார். ஈரச்சேலை, முடிச்சு இறுகியிருந்தது. இன்னொரு தரம் வெடுக்கென்று இழுத்தார்.

சேலை வந்தது. அதோடு கொக்கியும் வந்தது. கொக்கியோடு ஒரு பெரிய சிமெண்ட் பாளம் பெயர்ந்து, அவர் உட்கார்ந்து கீரை ஆய்ந்த பலகையின் மேல் விழுந்து சிதறியது. மேலே துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது. இவர் பாய்ந்து போய் அக்காவின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். அக்காவின் கையில் சேலை அப்படியே இருந்தது. பூவிழி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதை ஜெயப்பிரகாஷும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளிருந்து பிடித்துக்கொள்ள, வாசல்படியில் குப்புறப் படுத்துக் கை நீட்டி ஒவ்வொரு அடைப்பாகப் பிடுங்கினார். எட்டாததைத் துரட்டியால் இழுத்தார். மண்ணைச் சட்டியால் வாரி உள்ளே போட்டார். கொய்யாவும் ஒட்டு மாவும் வேரோடு வந்து என் கட்டிலில் கிடந்தன. அவர் காட்டுக் கரிசல் ஹால் முழுக்கக் குவிந்தது. கயிறு ஒவ்வொரு முறை இறுகும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. பால்கனி கடைசி வரை விழவில்லை. மறுநாள் வந்த கொத்தனார்தான் இடித்துத் தள்ளினார்.

பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்தது. எதிர்வீட்டில் பூவிழி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்தார். இவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, எலுமிச்சம்பழம் ஒண்ணு வேணும். இருக்கா?"

இவர் ஒரு கணம் நின்றார். பிறகு மேலே போய்ப் பறித்துக்கொண்டு வந்தார். முழுசாகப் பழுக்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் மஞ்சள். அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அக்கா எதிர்வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே வந்த பூவிழியிடம் கொடுப்பார் என்று நான் நகர்ந்து வழி விட்டேன்.

"எங்க போற? இந்தா, புடி," என்று என் கையில் வைத்தார். முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை, குரலும் எப்போதும் போல வெட்டித்தான் இருந்தது. "கெழக்கப் பாத்து நில்லு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

நின்றேன். கண் வைக்கிறவள் என்று ஊரே ஒதுக்கியவளுக்கு இதுவரை யாரும் கண் கழித்ததில்லை. எப்படி நிற்பதென்றே தெரியவில்லை. அக்கா பழத்தை எங்கள் இருவர் தலையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே ஆரம்பித்தார். தெருக் கண்ணு, உறவுக் கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு. அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அக்காவின் குரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. கையும் ஒரு நொடி நின்றது. பிறகு அதைச் சொல்லாமலே அடுத்த சுற்றுச் சுற்றி முடித்து, பழத்தை என் காலடியில் வைத்தார்.

"புள்ளைக்கும் சேத்து நீயே மிதி," என்றார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் இவர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். தலையை லேசாக ஆட்டினார். அவருடைய முதல் பழத்தின் மேல் காலை வைத்து அழுத்தினேன்.